புதிய மட்டியின் பெயரைப் படம் மட்டும் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் காக்கா ஆழி பரவியிருப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை வாசித்தேன். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த அந்தச் சிப்பி கழிமுகத் தரையைப் பாய் விரித்ததுபோல் மூடிவிட்டதால் இறால் புதைய மண் இல்லை, மஞ்சள் மட்டியும் அருகிவிட்டது என்று மீனவர்கள் முறையிடுவது மிகுந்த வேதனை அளிக்கிறது. மும்பையில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வேற்று நீரிலிருந்து வந்த உயிரை இன்னதென்று காலத்தோடு அறிவதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் கருத்து.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மணலில் புதைந்து வாழும் மக்ட்ரிடே குடும்பத்து மட்டிகளில் முலினியா லேட்டராலிஸ் என்றொரு சிற்றினம் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் உரிய இதற்கு 1822இல் தாமஸ் சே பெயரிட்டார். முழு வளர்ச்சியிலும் இரண்டு சென்டிமீட்டர் அளவே இருக்கும். ஆனால் ஓரிரு மாதங்களிலேயே முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். 2017இல் இது நெதர்லாந்தின் கடற்பகுதியில் கண்டறியப்பட்டது. அக்கடலுக்கே உரிய ஸ்பிசுலா மட்டியின் குஞ்சுகளும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால், ஓட்டின் அமைப்பை நுணுகிப் பார்த்ததோடு நில்லாமல் மரபணுவையும் ஆராய்ந்த பிறகே அதன் பெயரை உறுதி செய்தார்கள்.

மட்டியின் நிறத்தையும் வரிகளையும் நம்பிப் பெயர் வைப்பது ஆபத்தானது. ஒரே இனத்திலும் இடத்துக்கு இடம் அவை மாறும். இரு ஓடுகளும் சேரும் கீலைத் திறந்து பார்க்க வேண்டும். கரண்டி போன்ற சிறு குழி ஒன்று அங்கே இருந்தால் மக்ட்ரிடே குடும்பம் என்று ஐயுறலாம். அதன் இருபுறமும் உள்ள நீண்ட பற்களைக் கைலென்ஸால் பார்த்தால், ஸ்பிசுலாவில் நுண்ணிய குறுக்கு வரிகள் தெரியும். முலினியாவுக்கோ ஓட்டின் பின்பக்கத்தில் ஒரு மேடு ஓடும். இவற்றில் எதுவும் மேலிருந்து எடுத்த கைப்பேசிப் படத்தில் தெரியாது. சென்ற மழைக்காலம் முடிந்ததும், அந்நிய மட்டி என்ற பரபரப்போடு ஒரு படம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. சந்தைக்குச் சென்று அந்தக் கூறிலிருந்தே வாங்கி வந்து பார்த்தேன். தலைமுறை தலைமுறையாக இங்கே விற்கும் நம் மட்டிதான். வீண் வதந்தியால் அதை விற்ற, மும்பையின் மீனவச் சமூகமான கோலி இனப் பெண்மணிக்கு இரண்டு நாள் வியாபாரம் கெட்டது.

மும்பைக்கு இந்த அக்கறை கட்டாயம் வேண்டும். கரீபியன் பகுதியின் மைட்டிலாப்சிஸ் சாலெய் என்ற சிப்பி 1967இல் விசாகப்பட்டினத்தில் காணப்பட்டது, அடுத்த பத்தாண்டில் மும்பைத் துறைமுகத்திலும் பதிவாயிற்று, இன்றுவரை போகவில்லை. இதே சிப்பி 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத் துறைகளில் தென்பட்டபோது, அவர்கள் உடனே இனங்கண்டு, துறைகளை அடைத்து, குளோரினும் காப்பர் சல்பேட்டும் இட்டுச் சில வாரங்களில் ஒழித்துவிட்டார்கள். கப்பல்கள் நிலைப்புக்காகத் தொட்டிகளில் ஏற்றிவரும் பாலாஸ்ட் நீரில் இளவுயிரிகள் கண்ணுக்குத் தெரியாமல் வருகின்றன. அதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனினும் ஏற்கெனவே இறங்கிவிட்டவற்றைக் கரையில்தான் தேட வேண்டும்.

கரையோர ஆய்வுக்குச் செல்லும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேகரிப்பது அனைத்தையும் உடல் கெடாமல் காக்கும் பார்மலின் கரைசலில் போட்டுவிடாதீர்கள்; அது மரபணுவைச் சிதைக்கிறது. சிலவற்றையாவது 95 விழுக்காடு எத்தனாலில் வைத்து, இடமும் தேதியும் எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுங்கள். அவற்றை வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களின் வல்லுநர்களிடம் காட்டுங்கள். தங்கள் நாளிதழும் இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, ஓட்டின் வெளிப்புறப் படத்தோடு உட்புறக் கீலின் படத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
மாட்டுங்கா, மும்பை.