"நீங்களே கத்துக்கிட்டீங்களா?"

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில், எங்கள் வீட்டு மேல் தொட்டிக்கு நான் செய்த பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடும், நிறைந்தால் நிறுத்தும், அவ்வளவுதான். "இதெல்லாம் நீங்களே கத்துக்கிட்டீங்களா?" என்று சம்பந்தி கேட்டார். வாயில் வடை இருந்தது, தலையை ஆட்டிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நாம் எழுதும் கட்டளைப்படி ஓடும் குட்டிக் கணினிச் சிப்பு, தானாகவா வந்தது? அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருக் கடைக்கார அண்ணனுக்கு. பெரிய கிட் ஒன்றை எடுத்துவைத்து விலை கேட்டேன். "இதுல பாதியை நீங்க தொடவே மாட்டீங்க சார்" என்று அதை உள்ளே தள்ளிவிட்டு, ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் நகல் ஒன்றும், பற்றவைக்காமல் ஒயர் செருகும் பிரெட்போர்டும், கொஞ்சம் எல்இடியும் 220 ஓம் ரெசிஸ்டரும் மட்டும் கட்டிக்கொடுத்தார். விற்க வேண்டியவரே விற்காமல் அனுப்பினார். பிறகு, மோட்டாருக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ரிலே அணையும் ஒவ்வொரு முறையும் போர்டு முதலிலிருந்து தொடங்குகிறது என்று புலம்பிக்கொண்டு போனேன். "டயோடு போட்டீங்களா?" என்றார். போடவில்லை. ரிலேயின் சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் அது எதிர்த்து உதைக்கும், அந்த உதையை வாங்கிக்கொள்ள ஒரு டயோடு வேண்டும். ஒன் என் 4007 ரக டயோடு இரண்டைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். காசு வாங்கவில்லை.

எங்கள் தெரு டிவி மெக்கானிக்குக்கும் நன்றி. நான் பற்றவைத்ததைப் பார்த்து "எல்லாம் டிரை சால்டர்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். ஈயம் சரியாகப் பிடிக்கவில்லையாம். முதலில் கம்பியைச் சூடாக்கு, ஈயம் தானே ஓடி வரும் என்று கையைப் பிடித்துக் காட்டினார்.

அப்புறம், மாடி வீட்டுப் பெண். கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். தொட்டியில் தண்ணீர் அலையும்போது மிதவை சுவிட்ச் மேலும் கீழும் ஆடும், அதற்கேற்ப மோட்டாரும் விட்டுவிட்டு ஓடும். அதனால் ஒருமுறை நின்றால் பத்து நிமிடம் சும்மா இருக்கட்டும் என்று 10 * 60 * 1000 மில்லிசெகண்ட் எழுதினேன். மோட்டாரோ பத்து நொடியில் மறுபடி கிளம்பியது. "பழைய சுவிட்சே தேவலாம்" என்றாள் என் மனைவி. மூன்று நாள் ஒயரைச் சந்தேகப்பட்டேன். மாடியிலிருந்து இறங்கிவந்தவள் விடையைச் சொல்லவில்லை. "அங்கிள், இந்த சிப்புல ஒரு இன்ட் எவ்வளவு பெருசு?" என்று மட்டும் கேட்டாள். இன்ட் என்பது முழு எண்ணை வைக்கும் கட்டம். இதில் அது 16 பிட். 32767 வரைதான் கொள்ளும், மீறினால் 65536 65536-ஆகக் கழிந்துபோய் மிச்சம்தான் நிற்கும். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்: 600000-இல் 65536 ஒன்பது முறை போக மிச்சம் 10176. பத்து நொடி! பத்துக்குப் பின்னால், பெரிய கட்டத்தில் கணக்குப் போடு என்று சொல்லும் யுஎல் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. முப்பது வருடம் ஐந்தொகை போட்ட எனக்கு, அளவு போதாத கட்டத்தில் எண்ணை எழுதியது உறைக்கவில்லை பாருங்கள்.

நேரில் பார்க்காதவர்களும் உண்டு. ஊனோ போர்டில் இருக்கும் ஏவிஆர் சிப்பின் அடிப்படையை நார்வேயின் ட்ரொண்ட்ஹைமில் மாணவர்களாக இருந்தபோதே வகுத்த போகன், வொலான் இருவர். 2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில் ஆர்டுயினோவைத் தொடங்கி, போர்டின் வரைபடத்தையே ஊருக்குத் திறந்துவிட்டவர்கள். நகல் போர்டு என் சட்டைப்பைக்கு எட்டியது அதனால்தான். நாம் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரைச் சம்பளமில்லாமல் எழுதிய முகம் தெரியாதவர்களுக்கும் ஒரு கும்பிடு.

மூன்று நாள் தொட்டி வழிந்தும் பெட்டியைப் பிடுங்கி எறியாத என் மனைவிக்குத் தனியாக எழுதவில்லை, நேரில் சொல்லியாயிற்று.

மெக்கானிக் அண்ணே, உங்கள் மல்டிமீட்டர் ஆடியிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. ஃபியூசை நான்தான் ஊதிவிட்டேன். புதுசு போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.