கை நுழையாத இடத்தில் ஒரு போல்ட்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்பதில் சந்தோஷம். இங்கேயும் அப்படித்தான். என் முழங்கால் மட்டும், தரையில் மண்டியிடும்போதெல்லாம் ஒரு பஞ்சாயத்து வைக்கிறது.

எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரை நீ மாற்றிய கதையைப் படித்தேன். அதைப் பிடித்திருந்தது இரண்டே போல்ட், அதைத் தொடுவதற்குள் ஏர் ஃபில்டர் பெட்டி, த்ராட்டில் பாடி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு என்று பாதி எஞ்சினைப் பெஞ்சில் பரப்ப வேண்டியதாயிற்று என்று புலம்பியிருக்கிறாய். உன் காரைச் செய்தவர்களுக்கு உன்மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாதடா. 1989இல் வந்த முதல் லெக்ஸஸ் எல்எஸ் 400 காரின் வி8 எஞ்சினிலும் ஸ்டார்ட்டர் அந்த மேனிஃபோல்டுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். கெடிலாக்கின் நார்த்ஸ்டார் எஞ்சினிலும் அதே கதை. இரண்டு சிலிண்டர் வரிசைகளும் வி மாதிரி விரிந்து நிற்க, நடுவில் ஒரு பள்ளம். வடிவமைப்பவர் கண்ணுக்கு அது காலி மனை. சாலைச் சேறு அண்டாத இடம் வேறு. மோட்டார் உழைக்கிறவரை யாருக்கும் குறையில்லை. அது உயிரை விடுகிற அன்றைக்குத்தான் மேலே கட்டியதையெல்லாம் ஒருவன் பிரிக்க வேண்டும்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்தாயிற்று. (காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பவனுக்கு வேறென்ன வேலை?) கார் உள்ளிருந்து வெளியே கட்டப்படுகிற பொருள். பல தொழிற்சாலைகளில் ஹீட்டர் பெட்டி, ஏசி காயில், வயரிங் எல்லாம் சேர்ந்த முழு டேஷ்போர்டும், கதவு மாட்டாத வாசல் வழியாக ஒரே துண்டாக உள்ளே போகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஜோடியாகக் கீழிருந்து ஏறுகின்றன. அங்கே வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு போல்ட்டும் கண்ணுக்கு நேரே, கைக்கு வாகாக இருக்கும். அவர் முடுக்கிவிட்டு நகர்ந்ததும் அதன்மேல் இன்னொன்று வந்து உட்காரும், அதன்மேல் வேறொன்று. கடைசியில் வந்து சேருகிறவர்கள் நாம். அதனால் ஒரு வேலையின் கஷ்டத்தைக் கெட்டுப்போன பொருளின் அளவை வைத்தோ விலையை வைத்தோ எடை போடக் கூடாது என்பது என் கட்சி. அது எத்தனையாவது அடுக்கில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். 

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றுகிறாய் என்றால் மனிதர்கள் உன்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நீயும் ஒரு முழு நாளை ஒதுக்கி, புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நிதானமாகச் செய்வாய். மானத்தை வாங்குவதெல்லாம் சில்லறை வேலைகள்தான். போன மாதம் மச்சினன் காரில் ஹெட்லைட் பல்பு போய்விட்டது. "அஞ்சு நிமிஷ வேலைதானே அத்தான்?" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஹெட்லைட்டுக்குப் பின்னால் பேட்டரி. இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிற சந்து. கை உள்ளே போனால் கண்ணுக்கு வழியில்லை, கண்ணை வைத்தால் கைக்கு வழியில்லை. ரப்பர் மூடியை உருவி, கனெக்டரையும் பிடுங்கிய பிறகு, பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி கிளிப் விரலில் தட்டுப்படும். அதன் நுனியை உள்ளே அமுக்கி, பக்கவாட்டில் தள்ளி, கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை விரல் நுனிதான் கண்டுபிடிக்க வேண்டும். புதுப் பல்பின் கண்ணாடியையோ விரலால் தொடக் கூடாது. ஹாலஜன் பல்பில் எண்ணெய்ப் பசை பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். ஆக, பார்க்க முடியாத இடத்தில், தொடக் கூடாத பொருளை, ஒரே வாகில் மட்டும் உட்காரும் காடியில் வைக்க வேண்டும். சரியாக உட்காராமலே கிளிப்பை மாட்டிவிட்டால் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு மரக்கிளையைத் தேடும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, மறுபக்க ஹெட்லைட்டில் ஒத்திகை பார்ப்பதுதான். அங்கே பேட்டரி இல்லை, இடம் தாராளம். கிளிப் எப்படித் திறக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால், இங்கே எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும், அவ்வளவுதான். அப்படியும் நான் வியர்த்துப்போய் உள்ளே வந்தபோது, "என்ன அத்தான், பல்பு கிடைக்கலையா?" என்றான்.

நல்லவேளை, அவனுடையது இரண்டாம் தலைமுறை ரெனால்ட் மெகான் இல்லை. அதில் சக்கர வளைவுக்குள் இருக்கும் ஒரு மூடியைத் திறந்து அந்த வழியாகக் கைவிட வேண்டும். கிரைஸ்லர் சிரஸில் பேட்டரியே முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டிருக்கும், அதற்கும் வழி சக்கர வளைவுதான். இன்னும் பழைய கதை வேண்டுமென்றால் 1961இல் வந்த ஜாகுவார் இ-டைப். அதன் பின்பக்க பிரேக் டிஸ்குகள் சக்கரத்தில் இருக்காது, நடுவில், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். சக்கரத்தோடு குதிக்கும் எடை குறைந்து வண்டி சொகுசாக ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தது. உட்கார்ந்து போகிறவருக்குச் சொகுசு, டிஸ்க் மாற்றுகிறவருக்குத் தண்டனை.

இடம் இல்லாததையாவது பொறுத்துக்கொள்ளலாம். துருவை என்ன செய்வது? நீ ஸ்டார்ட்டரோடு பட்டது வெறும் பொறுமைச் சோதனை, புகை போகிற சைலன்சர் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட்டில் பட்டிருந்தால் துரு என்னவென்று தெரிந்திருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நட்டும் மரையும் ஒன்றாகிப்போன ஸ்டட் அது. அங்கே நம் பலம்தான் நமக்கு எதிரி. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடு. மறுநாள் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராக நாலு தட்டு, அந்த அதிர்வில் துரு கொஞ்சம் உடையும். பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடு, அதுதான் தலையின் விளிம்பை மழுக்காது. முதலில் ஒரு நூலளவு முடுக்கிப் பார், பிறகு தளர்த்து. அசைந்தால் உடனே உற்சாகப்பட்டுச் சுற்றிவிடாதே. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி எண்ணெய். இப்படியே கொஞ்சிக் கெஞ்சித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் நெருப்பு. பெட்ரோல் குழாயும் ரப்பரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, போல்ட்டைவிட அதைச் சுற்றியிருக்கும் நட்டைச் சூடாக்கு. நட்டு விரியும், பிடி தளரும். ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங்கோ நெருப்போ கூடவே கூடாது. அதிலிருந்து வருவது ஃபாஸ்ஜீன், ஆளையே முடித்துவிடும் விஷவாயு.

போல்ட் உடைந்தேவிட்டால், நடுவில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டரை முறுக்கி எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சாமான்மேல் நம்பிக்கையே கிடையாது. முழு போல்ட்டாக இருந்தபோதே வராத ஒன்று, அதைவிட ஒல்லியான எக்ஸ்ட்ராக்டருக்கா வந்துவிடும்? அது உள்ளேயே முறிந்தால் போச்சு, அந்தக் கெட்டி இரும்பில் சாதாரண டிரில் பிட் இறங்கவே இறங்காது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள். துளை போடும்போதே சில சமயம் போல்ட் சுழன்று வெளியே வந்துவிடும். முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் வைத்துத் திருப்பச் சொல். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பது வேறு மாதிரி வேலை. அதில் இடமும் இருக்கிறது, துருவும் அவ்வளவு இல்லை. ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் நிப்பிளை, அதாவது காற்று வெளியேறும் திருகை, திறக்க வேண்டும். பெடல் கீழேயே இருக்கும்போது நிப்பிளை மூடிவிட வேண்டும், அதற்கப்புறம்தான் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டு எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே. கேட்பதற்கு எவ்வளவு சுலபம் பார். கீழே நான், பெடலில் என் வீட்டுக்காரி:

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விட்டுடாதே."

"விட்டுட்டேன்."

"விடாதேன்னுதானே சொன்னேன்?"

"'விட்டு'ன்னு காதுல விழுந்துச்சு."

அன்றைக்குச் சமையலறைப் பக்கமே நான் போகவில்லை. இப்போது எங்கள் வீட்டு ஒப்பந்தப்படி கீழே இருந்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். மேலே இருப்பவள் மட்டும்தான் பேசுவாள்: பெடல் கீழே போனதும் "கீழே", காலை எடுக்கும் முன்னால் "எடுக்கவா?". நான் மூடிவிட்டுத் தகரத்தில் ஒரு தட்டு தட்டுவேன். சண்டை இல்லை. ஒற்றை ஆள் செய்ய வாக்குவம் பம்பு இருக்கிறதே என்பாய். இருக்கிறது, ஆனால் நிப்பிளின் மரை வழியாகவும் அது வெளிக்காற்றை இழுக்கும். குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும், வேலை முடிந்ததா இல்லையா என்றே தெரியாது. பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடு, இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

ஏசி வாயு, பிரஸ் வைத்துத் தள்ள வேண்டிய வீல் பேரிங், ஷாக் அப்சார்பரின் சுருள்வில், இந்த மூன்றையும் நான் வெளியே கொடுத்துவிடுகிறேன். அமுக்கி வைத்த சுருள்வில் நழுவினால் பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுக்காது. கிளட்ச் பிளேட்டும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிளேட்டை மாற்றுவது பெரிய விஷயமில்லை. ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே கியர்பாக்ஸைத் தாங்கி, அதன் தண்டைப் பிளேட்டின் பற்களுக்குள் நேராக நுழைக்கிற வயது நமக்குத் தாண்டிவிட்டது. நீ இன்னும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். ஸ்டாண்டு வைக்காமல் போகாதே. இதை இனிமேல் எழுத மாட்டேன், நேரில் வந்து திட்டுவேன்.

சரி, நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். முன்சீட்டுக் கால்பக்கம் கார்பெட் ஈரமாக இருக்கிறது, ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது என்கிறார்கள், டேஷ்போர்டைக் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. முதலில் ஒரு வெள்ளைத் துணியை அந்த ஈரத்தில் ஒற்றிப் பார். நிறம் தெரிந்து, பிசுபிசுப்பாக, தித்திப்பு வாசனை அடித்தால் அது கூலண்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். முன்கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய் மாதிரி ஒரு படலமும் படியும், கூலண்ட் அளவும் இறங்கிக்கொண்டே வரும். வெறும் தண்ணீர் என்றால் ஏசி காயிலில் வடிகிற தண்ணீராக இருக்கலாம். அது வெளியே போக எஞ்சின் பக்கத் தகட்டில் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்ட வேண்டியது சொட்டவில்லையென்றால் அந்தக் குழாயில் தூசியும் சருகும் அடைத்திருக்கிறது. வளையும் மெல்லிய கம்பியால் மெதுவாகக் குத்திவிட்டால் தீர்ந்தது. அதற்காகவா டேஷ்போர்டைக் கழற்றுவாய்?

நிஜமாகவே ஹீட்டர் கோர்தான் என்றால்கூட, உன் காரின் கையேட்டை முதலில் பார். சில கார்களில் பெடல் பக்கமிருந்தே பக்கவாட்டில் உருவ முடியும். மற்றவற்றில் ஸ்டியரிங் தண்டை இறக்கி, டேஷ்போர்டு முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். தொழிற்சாலையில் ஹீட்டரைக் கயிற்றில் தொங்கவிட்டுத்தான் அதைச் சுற்றிக் காரைக் கட்டினார்களோ என்று தோன்றும். அப்படி ஒரு நிலை வந்தால் பேட்டரி கேபிளைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்கு. அதற்கு முன்னால் ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் கைவைக்காதே. கிளிப்புகள் கொஞ்சம் உடையத்தான் உடையும், முன்னதாகவே ஒரு பொட்டலம் வாங்கி வை. கழற்றும் ஸ்க்ரூக்களை எந்த இடத்தில் எடுத்தாயோ அந்த இடத்தின் பெயரை எழுதித் தனித்தனிக் கவரில் போடு.

இப்போதைக்கு நேரமில்லை என்றால், எஞ்சின் பக்கத்தில் ஹீட்டருக்குப் போகிற குழாய், வருகிற குழாய் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடு. ஒழுக்கு நின்றுவிடும். ஹீட்டர் வேலை செய்யாது, கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்கச் சிரமப்படுவாய். குளிர் வருவதற்குள் சரிசெய்தால் போதும். திரும்ப மாட்டும்போது கூலண்ட் ஊற்றுகிற வாய் உயரமாக இருக்கும்படி முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, ஹீட்டரைச் சூட்டில் திருப்பிவைத்துக் காற்றை வெளியேற்று. எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதே.

துணியை ஒற்றிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. டேஷ்போர்டைக் கழற்றுவதாக முடிவானால் சொல், நானும் வருகிறேன். வரும்போது பிளாஸ்டிக் நெம்பிகளைக் கொண்டுவருகிறேன், நீ ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஓரமெல்லாம் தழும்பாக்காமல் இருக்க. என்னுடைய நீளமான எக்ஸ்டென்ஷன் ராடு உன்னிடம்தான் இருக்கிறது, தேடி எடுத்து வை.

அன்புடன்,
கோபால்