ஞாயிறு போன்ஃபிஷ் மீன்பிடிப் பயணம்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 5.30க்குப் படகுத்துறையில் இருங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் மீன் ஆழமில்லாத திட்டுக்கு மேய வரும், தாமதம் வேண்டாம்.

1. 8ஆம் எண் ஃப்ளை ராட் (ஃப்ளை எனும் இலேசான செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல்), 9 அடி லீடர் (நூல் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய இழை), ரீலில் குறைந்தது 150 கஜம் பேக்கிங் (முதன்மை நூலுக்கு அடியில் சுற்றும் கூடுதல் நூல்).

2. போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். பெரும்பாலும் மீனுக்கு முன் அதன் நிழல்தான் கண்ணில் படும்.

3. வழிகாட்டி “11 மணி, 40 அடி” என்று மீன் இருக்கும் திசையும் தூரமும் சொல்வார். படகின் மூக்குதான் 12 மணி. ஃப்ளை மீனின் தலைமேல் விழாமல் சில அடி முன்னால் விழட்டும்.

4. கடித்ததும் ராடைத் தூக்காதீர்கள்! பலருக்கும் மீன் நழுவுவது இதனால்தான். நூலைக் கையால் நேராக இழுத்து முள்ளை ஏற்றுங்கள், பிறகு மீனை ஓட விடுங்கள். காலடியில் நூல் கிடந்தால் அறுந்துவிடும்.

5. இறங்கினால் பாதத்தைத் தேய்த்தே நடங்கள், திருக்கை இருக்கும்.

6. ஈரக்கையால் பிடித்து, நீரிலேயே வைத்து விடுவியுங்கள்.

படகுக்கு இருவர் மட்டுமே. வருகிறீர்களா, ராட் இரவல் வேண்டுமா என்று வெள்ளி இரவு 8க்குள் பதிலிடுங்கள்.