தாத்தாவின் துப்பாக்கியும் ஒரு பித்தளை மணியும்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். அம்மாவும் நானும் இங்கே நலம்.

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியில் காணாமற்போன, குறி பார்க்க உதவும் சிறு பித்தளை மணியை அங்கேயே ஒரு கடையில் வாங்கித் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அனுப்ப வேண்டாம் அம்மா. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் போலவே அதன் உதிரி பாகங்களையும் ஆயுதமாகவே கருதுகிறது. உரிமமின்றி அவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியாது. மிளகளவு பித்தளைதானே என்று சுங்க அதிகாரிகளிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு: கடையில் கிடைக்கும் மணி எதுவும் இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தியிருக்காது.

அது பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் செய்த, ‘12 போர்’ என்னும் குழலளவு கொண்ட துப்பாக்கி என்பது உனக்குத் தெரியும். இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையின் நுனியில்தான் அந்த மணி இருந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்தபோது எப்போதும் விரலில் தட்டுப்படும் இடம் வழுவழுவென்று போனதால்தான் அது இல்லையென்றே தெரிந்தது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பதால், அம்மாவும் நானும் தரையோடு தரையாக டார்ச் அடித்து அறை முழுவதும் தேடினோம், கிடைக்கவில்லை. மணி கழுத்தில் முறிந்திருந்தது. அதன் திருகுப் பகுதி மட்டும் பட்டையின் துளைக்குள்ளேயே தங்கிவிட்டது.

நம் ஊர் லேத் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்று பலரும் சொன்னார்கள். அவர்களுடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதால், உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மதுரையில் அந்த உரிமம் பெற்ற கடைக்குத்தான் போனேன். அங்குள்ள பெரியவர் செய்த வேலையை நீ அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும். முதலில் இரு குழல்களும் காலியாக இருப்பதைத் தானே திறந்து பார்த்தார். பிறகு முறிந்த துண்டின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கூரிய ஊசியின் முனையால் அதை மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சுழற்றி, மரை, அதாவது திருகைச் சுற்றியோடும் வரி, சிதையாமல் வெளியே எடுத்தார். அந்தத் துண்டின்மீது மரை அளக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தபோது, மெட்ரிக் தகடுகள் எல்லாம் வெளிச்சம் காட்டின; பழைய ஆங்கிலேய விட்வொர்த் தகடு ஒன்றுதான் இடைவெளியின்றி உட்கார்ந்தது. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை, விட்வொர்த்தின் கோணம் 55 பாகை. கடைத் திருகை வலிந்து முறுக்கியிருந்தால் துளையின் மரை முழுவதும் அழிந்துபோயிருக்கும். பிறகு துளையைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ஒரு சிறு உதிரிக்காகத் துப்பாக்கியின் உடலை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கி எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப உதிரியைத்தான் செய்ய வேண்டும்.

அதையேதான் அவரும் செய்தார். பித்தளைக் கம்பியொன்றை லேத்தில் கடைந்து, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறுக்களவில் புதிய மணியை உருவாக்கினார். துளையின் ஆழத்தை ஊசியால் அளந்து, திருகின் நீளத்தை அதைவிடச் சற்றுக் குறைவாகவே வைத்தார். நுனியில் குழலின் சுவர் மிக மெல்லியது. திருகு நீண்டு அதன்மேல் முட்டினால் உள்ளே மேடு தட்டிவிடும் என்றார். பற்றவைத்தால் உறுதியாக இருக்குமே என்று கேட்டேன். நடுப்பட்டை குழல்களோடு ஈயப்பற்றால் ஒட்டப்பட்டிருக்கிறது, ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 200 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும், ஆகையால் அங்கே நெருப்பே காட்டக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். மரையில் தடவும் பசையிலும் வலுக்குறைந்த வகையையே பயன்படுத்தினார். வலுவான வகையைப் பின்னாளில் கழற்ற வேண்டுமென்றால் 250 பாகை வரை சூடாக்க நேரும், அதற்குள் பட்டையே கழன்றுவிடும்.

துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தேன். மணி பட்டையின் நடுவே சாயாமல் நிற்கிறது. பழைய பட்டையின் கருமைக்கு எதிரே புதுப் பித்தளை சற்று அதிகமாகவே மினுங்குகிறது. அதை மங்கவைக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், தானாகவே கறுக்கட்டும் என்றேன்.

வேட்டைக்கு எடுத்துச் செல்லாத துப்பாக்கிக்குக் குறி பார்க்கும் மணி எதற்கு என்று உன் தம்பி கேட்டான். 1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் தாத்தா காட்டுக்கோழிக்கோ முயலுக்கோ அதைத் தூக்கியதே இல்லை; நானும் தூக்க மாட்டேன். ஆனாலும் அவர் அதைக் குறையில்லாமல் வைத்திருந்து என் கையில் கொடுத்தார். நானும் அப்படியே உன்னிடம் கொடுக்க விரும்புகிறேன். உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ அவர் 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே சட்டப்படியான வாரிசு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. அடுத்த ஆண்டு நீங்கள் ஊரோடு வந்து தங்கியதும் விண்ணப்பிக்கலாம் என்பது என் எண்ணம். மாப்பிள்ளையோடும் கலந்துபேசி, உனக்கு இதில் மனம் இருக்கிறதா என்று எழுது. இல்லையென்றாலும் வருத்தப்பட மாட்டேன், தம்பியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

முறிந்த திருகுத் துண்டை அந்தப் பெரியவரிடமிருந்து கேட்டு வாங்கி, உரிமப் புத்தகத்தின் உறையில் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். எப்போதாவது இந்த மணியும் விழுந்துவிட்டால், செய்பவரிடம் அளவுக்காக அதைக் காட்டு.

அன்புடன்,
அப்பா