யாரை முந்தப் போகிறாய் என்று கேட்டீர்கள்

பிடோக், சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், பாம்பனில் நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வேலை முடிந்து களைத்து வந்தபின்னும் எதற்காக ஓடுகிறாய், யாரை முந்தப் போகிறாய் என்று சென்ற முறை தொலைபேசியில் கேட்டீர்கள். நின்ற நிலையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

யாரையும் முந்துவதற்காக நான் ஓடவில்லை. சென்ற டிசம்பரில் இங்கு அரை மாரத்தானை, அதாவது 21 கிலோமீட்டரை, 2 மணி 14 நிமிடத்தில் ஓடி முடித்தேன். அதற்கு முந்தைய ஆண்டு இதே தூரத்துக்கு எனக்கு 2 மணி 41 நிமிடம் பிடித்தது. நம் நாட்டின் சிவ்நாத் சிங் 1978-இல் ஜலந்தரில் முழு மாரத்தானின் 42 கிலோமீட்டரையும் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தவர். பல பத்தாண்டுகள் முறியாமல் நின்ற சாதனை அது. அவர் முழுத் தூரத்தையும் கடந்த நேரத்தில் நான் பாதியைக்கூட முடிப்பதில்லை. ஆனாலும் அந்த 27 நிமிடம் என் உடம்பு உழைத்துச் சேர்த்தது, அப்பா. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. நீங்களும் எண்ணக் கூடாது என்பதே என் ஆசை.

இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. கடலைத் தூர்த்த நிலத்தில் அமைந்த ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கரையோரமாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீள்கிறது. இருட்டோடு நான் அங்கே இறங்கும்போது நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் மட்டும் தெரியும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் முழங்கை வழியாகச் சொட்டும். பிடோக் ஜெட்டி என்னும் கடற்பாலத்தில் விடிய விடியத் தூண்டில் போடுபவர்களின் வாளியில் என்ன மீன் கிடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.

தொடக்கத்தில் அந்த ஜெட்டியை எட்டுவதற்குள் மூச்சிரைத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது உடன் வேலை பார்க்கும் மலாய் நண்பரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே அதே வேகத்தில் அதைத் தாண்டிச் செல்கிறேன். பேசிக்கொண்டே ஓட முடிகிற மெதுவான வேகத்தில்தான் பெரும்பாலான நாட்கள் ஓட வேண்டும் என்று அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படி மாதக்கணக்கில் ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுகிறது; தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் பார்த்தால் நிமிடத்துக்கு 74 ஆக இருந்த என் நாடித் துடிப்பு இப்போது 58 தான். மூச்சு சீக்கிரம் பழகிவிட்டாலும் எலும்பும் தசைநாணும் பலப்பட நாளாகும். அதனால் கரைவலைக் கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல் ஒரே பதத்தில் இழுப்பதுபோல, தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுகிறேன். உடம்பைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று அம்மா கவலைப்பட வேண்டாம் எனச் சொல்லுங்கள். முன்பைவிட நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பொங்கலுக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன். தை மாதத்தில் போகும் வழியெல்லாம் இடப்பக்கமிருந்து வாடைக்காற்று அடிக்குமே. அது எந்த நேரத்தில் சற்றுத் தணியும், விடியும்போதே கிளம்பலாமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தம்பியின் வண்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நீங்களும் கூட வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்