கட்டிலை உயர்த்திய டாக்டருக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள உறவினர்களுக்கும் எங்கள் தெருவினருக்கும்,

பக்கவாதம் வந்து படுத்திருந்த அப்பா, நேற்று யார் கையையும் பிடிக்காமல் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

108-ஐ அழைத்தவர், வார்டு வாசலிலேயே படுத்துக்கிடந்த சித்தப்பா, வேளை தவறாமல் சாப்பாடு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்கா, எங்கள் ஆட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்ட பங்காளிகள்: உங்கள் அனைவருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

ஒருவரைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி டாக்டர். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தான். அன்று செய்தியாகப் படித்ததோடு சரி.

அப்பாவின் கைகாலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றிருந்தேன். அவர் கண்ணோ அம்மா மேல் இருந்தது. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார் அம்மா. "உங்களுக்கு எத்தனை நாளாக வலி?" என்றார் டாக்டர். எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. அம்மா அழுதுவிட்டார்.

டாக்டர் சட்டென்று கொல்லைக்குப் போய்ச் செங்கற்களை எடுத்துவந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் வைத்து, ஆடுகிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்தார். தாழ்ந்த கட்டிலில் குனிந்து, உடம்பைத் திருப்பியபடி பாரம் தூக்கினால் முதுகெலும்பின் தட்டுகள் நோகும். அம்மாவைப்போல் ஐம்பது தாண்டிய வயதும் சர்க்கரையும் இருக்கும்போது முதுகையும் தோளையும் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்பாவின் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும், இடுப்பில்தான் தாங்க வேண்டும் என்று செய்தும் காட்டினார். உயரம் கூடியதால் அப்பா எழுவதும் எளிதாயிற்று. எல்லாம் பத்து நிமிட வேலை. அதற்காகத் தேநீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

நோயாளியை விசாரிக்க ஊரே வருகிறது. தூக்கிச் சுமப்பவரை யார் விசாரிக்கிறோம்? அதிலும் அது மனைவியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பக்கவாதத்துக்கு வழிவிடுவதுபோல், தலைவலி இல்லையே என்று ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவோரும், பீடியை விடாதோரும் நம் தெருவில் குறைவில்லை. சித்தப்பா, உங்களையும்தான் சொல்கிறேன். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அழுத்தம் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம், நீங்களும் வாருங்கள்.

பக்கவாதத்தோடு யாராவது வீடு திரும்பினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். கட்டிலை உயர்த்த நானே வருகிறேன். கொல்லையில் இன்னும் செங்கல் கிடக்கிறது.