முதல் கேம்பெயினுக்கு எந்த ஊர்?

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார், அவ்வளவுதான். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சீரியலைக் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் பேச்சு வந்ததும் "அந்தப் பையன் இன்னும் நோட்டுப் பின்பக்கத்தில் கோட்டை வரைந்துகொண்டிருக்கிறானா?" என்று கேட்டார். இப்போது முன்பக்கத்திலேயே வரைகிறான் என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரையும் உன் மச்சானையும் உட்கார வைத்து டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் நடத்தப் போகிறாய், ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் அந்தக் கதை விளையாட்டை. நீதான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இருபது முகப் பகடையைத் தொட்டதில்லை. முதல் கேம்பெயினை, அதாவது பல நாள் தொடரும் கதையை, எந்த உலகத்தில் வைப்பது என்று கேட்டு, நீயே உண்டாக்கிய உலகத்தின் வரைபடத்தையும் அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன். மலைக்கெல்லாம் நிழல் போட்டு, ஐந்து திணைக்கும் ஐந்து வண்ணம் கொடுத்து, பிரமாதமாக வந்திருக்கிறது. பதினோரு ராஜ்ஜியம், ஒவ்வொன்றுக்கும் வம்சாவளி, இரண்டு நிலவு. எல்லாம் சரி. முதல் நாள் ராத்திரி அந்த ஐந்து பேரும் இதில் எங்கே நிற்பார்கள்? பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் அந்த இடம் மட்டும் கிடைக்கவில்லை.

இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார். 70-களின் தொடக்கத்தில் மின்னசோட்டாவில் டேவ் ஆர்னெசன் தன் நண்பர்களை பிளாக்மூர் என்ற கோட்டைக்கு அடியில் இருந்த சுரங்கங்களுக்குள் இறக்கிவிட்டார். அதைப் பார்த்த கேரி கைகாக்ஸ், விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கிரேஹாக் கோட்டைக்கு அடியில் தானும் சுரங்கம் தோண்டினார். முதலில் உள்ளே இறங்கியவர்கள் அவருடைய சொந்தப் பிள்ளைகள்தான். 1974-இல் விளையாட்டு பெட்டியாக வந்தபோது அதில் உலகம் என்று ஒன்று இல்லை. கிரேஹாக் உலகத்தின் வரைபடமும் வரலாறும் தனி வெளியீடாக வந்தது 1980-இல். அதுவும் 32 பக்கப் புத்தகம்தான். முதலில் சுரங்கம், அப்புறம் பக்கத்து ஊர், தேவைப்பட்டபோது நாடு. நீ மேலிருந்து கீழே வருகிறாய்.

எட் கிரீன்வுட் மாதிரி ஆட்கள் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறார்கள். கனடாக்காரர், நூலகத்தில் வேலை பார்த்தவர், சின்ன வயதிலேயே ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தைக் கற்பனை செய்யத் தொடங்கியவர். அது 1987-இல் பெட்டியாக வெளிவந்தது. ஆனால் அவருடைய மேசையில் விளையாடியவர்கள் வெகுநாள் குடியிருந்தது ஷேடோடேல் என்ற ஒரே கிராமத்தில். உலகம் அவருடைய நோட்டில் இருந்தது, அவர்கள் கிராமத்தில் இருந்தார்கள்.

இத்தனை வருஷம் டிஎம்மாக உட்கார்ந்ததில் செட்டிங், அதாவது கதை நடக்கும் உலகம், பற்றி எனக்குப் பிடிபட்டது ஒரே விஷயம். விளையாடுகிறவர்களால் ஊகிக்க முடிகிற இடமாக அது இருக்க வேண்டும். இந்தக் கதவைத் தட்டினால் என்ன ஆகும், இந்த ஆளிடம் பொய் சொன்னால் என்ன வரும் என்று அரைகுறையாகவாவது தெரிந்தால்தான் அவர்கள் திட்டம் போடுவார்கள். தெரியாவிட்டால் பகடையை உருட்டிவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார்கள். நீ விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பாய். அது பாடம் நடத்துவது. உனக்கு அந்தச் சபலம் காலேஜிலிருந்தே உண்டு.

நீ எழுதிய ஆயத்த உலகங்களின் பட்டியலை இந்தக் கணக்கில் பார்ப்போம்.

டார்க் சன் மேல் உனக்கு ஒரு கண் என்று தெரிகிறது. எனக்கும்தான். 1991-இல் வந்த அந்த அத்தாஸ் உலகம் மாதிரி இன்னொன்று கிடையாது. எங்கும் பாலைவனம், தெய்வங்கள் இல்லை, நகரங்களை ஆள்பவர்கள் சூனியக்கார அரசர்கள். இரும்பு அபூர்வம் என்பதால் எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் ஆயுதம், காசுகூடச் சுட்ட மண். மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடியின் உயிரை அது உறிஞ்சிவிடும், மண் சாம்பலாகும். ஒரு ஆள் செத்தால் உடனே இன்னொருவரை இறக்குவதற்காக, ஆளுக்கு நாலு கதாபாத்திரம் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னது அந்தப் பெட்டி. ஆனால் இதன் ருசி முழுக்க வழக்கத்தைக் கவிழ்ப்பதில் இருக்கிறது. ஹாஃப்லிங் என்றால் சாப்பாட்டுப் பிரியரான குட்டி மனிதர் என்று பழகியவனுக்குத்தான், அத்தாஸின் ஹாஃப்லிங் மனிதனையே தின்பான் என்றால் தூக்கிவாரிப் போடும். உன் மச்சானுக்கு ஹாஃப்லிங் என்பதே முதல் செய்தி. கல்லிடுக்கில் ஒரு இரும்புக் கத்தி கிடக்கிறது என்று நீ குரலைத் தாழ்த்திச் சொல்வாய். அவன் "சரி, எடுத்துக்கிட்டேன்" என்பான். போதாததற்கு அடிமைச் சந்தை அந்த உலகத்தின் நடுமுற்றத்தில் இருக்கிறது. நாளைக் காலை மீட்டிங்கில் பார்க்க வேண்டிய முகங்களோடு முதல் ஆட்டத்திலேயே அங்கே போக வேண்டுமா என்றும் யோசி. ஒரு கேம்பெயின் முடித்துவிட்டு வா, அத்தாஸுக்கு நானே வந்து உட்காருகிறேன்.

எபெரான் வேறு கதை. 2002-இல் இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் கம்பெனி புது உலகம் கேட்டுப் போட்டி வைத்தது. 11,000 பேர் போல எழுதி அனுப்பினார்கள். கீத் பேக்கர் ஜெயித்தார், 2004-இல் புத்தகம் வந்தது. மந்திரம் அங்கே கரண்ட் மாதிரி. மின்னலில் ஓடும் ரயில், ஆகாயக் கப்பல், செய்தித்தாள், போருக்காகச் செய்யப்பட்டுப் போர் முடிந்ததும் வேலையில்லாமல் நிற்கும் உயிருள்ள பொம்மைச் சிப்பாய்கள். விசித்திரமாகத் தெரிந்தாலும் நம் ஆட்களுக்கு இது எளிதில் பிடிபடும். ரயிலில் டிக்கெட் இல்லாமல் மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் வணிகக் குடும்பங்களும் நாடுகளும் ஒன்றை ஒன்று கவிழ்க்கும் அரசியல் அதிகம். அதை நீ மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். துப்பறியும் கதை நடத்த ஆசை இருந்தால் மட்டும் தொடு.

டிராகன்லான்ஸ் வேண்டாம். அங்கே பெரிய காரியங்களை எல்லாம் நாவல்களின் நாயகர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டார்கள்.

மிச்சம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். அது பெரிய கடல், 40 வருஷத்து நாவலும் கம்ப்யூட்டர் கேமும் சேர்ந்து கிடக்கிறது. அந்த உலகத்தில் நடக்கும் பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமை விளையாடிய ஒரு பையன் உன் ஆபீசில் இருந்தால் உன்னைவிட அவனுக்கு அதிகம் தெரியும். ஆனாலும் அந்தக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது, ஃபாண்டலின். 2014 ஸ்டார்ட்டர் பெட்டியில் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்' நடக்கிற இடம். அதன் தொடக்கத்தை உனக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கற்க வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது.

விளையாடுகிறவர்களின் கதாபாத்திரங்கள் நெவர்விண்டர் நகரத்திலிருந்து ஃபாண்டலினுக்குச் சாமான் வண்டி ஓட்டிப் போகிறார்கள். கூலி பேசியாயிற்று. கிளைப் பாதையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், வழியை அடைத்துக்கொண்டு இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். இருபக்கமும் புதர். அவ்வளவுதான், டிஎம் வாயை மூடிக்கொள்ளலாம். இதற்கு எந்த உலக வரலாறும் வேண்டாம். ஒருவன் வண்டியை நிறுத்து என்பான், ஒருவன் குதிரை யாருடையது என்று பார்க்கப் போவான், இன்னொருவன் புதரைப் பார்த்துக் கத்துவான். மூன்றுமே சரியான யோசனை, மூன்றுக்கும் பலன் உண்டு. புதருக்குள் நாலு கோப்ளின்கள், குட்டிப் பூதங்கள் மாதிரி. குதிரைகள் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி பேசிய ஆளும் அவனுடைய துணையும் ஏறி வந்தவை, இருவரும் கடத்தப்பட்டுவிட்டார்கள். அப்புறம் ஊருக்குப் போனால் அங்கே சிவப்பு மேலங்கி போட்ட ரௌடிக் கும்பல் மிரட்டிக்கொண்டு திரிகிறது. பெட்டியோடு வரும் ஐந்து கதாபாத்திரங்களும் சும்மா வந்தவர்கள் இல்லை, அந்தப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கதாபாத்திரங்கள் முதல் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்கு வளரும் வரை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கதை ஓடும்.

ஒன்று மட்டும் கவனித்துக்கொள். அந்தக் கோப்ளின்கள் பொல்லாதவர்கள். அம்பு ஒன்று பட்டால் ஹிட் பாயிண்டில், அதாவது உயிர்ப் புள்ளியில், 3 முதல் 8 வரை போகும், முதல் நிலை மந்திரவாதிக்கு இருப்பதே ஏழெட்டு ஹிட் பாயிண்ட். முதல் கால் மணி நேரத்தில் ஒருத்தரைக் கொன்று வீட்டுக்கு அனுப்பிவிடாதே. விழுந்தவனைக் கட்டிப்போட்டுப் பிணையாக வைக்கட்டும், இன்னும் நல்ல கதை.

இன்னொரு நல்ல தொடக்கமும் உண்டு. 2022-இல் வந்த ரேடியண்ட் சிட்டாடல் தொகுப்பில் 13 சாகசங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு மண்வாசனை. வங்காளத்து ஆறுகளை நினைவுபடுத்தும் ஒன்றை மிமி மொண்டல் எழுதியிருக்கிறார். அது ஒன்பதாம் நிலைக்கு, உனக்கு இப்போது ஆகாது. முதல் சாகசம் ஓர் இரவுச் சந்தையில், இரண்டு வியாபாரக் குடும்பங்களின் சண்டையை வைத்து நடக்கிறது. பேரம் பேசத் தெரிந்தால் போதும். உங்கள் கூட்டத்தில் வாள் வீசப் பிடிக்காத ஆள் இருந்தால் இதை வைத்துப் பார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உன் வரைபடத்தைக் கிழித்துப் போடு என்று சொல்வேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. ஃபாண்டெல்வரின் எலும்புக்கூட்டை எடுத்து உன் பாலையில் வை. பொருத்தமே தனி. பாலைத் திணை என்றாலே ஆறலை கள்வர், வழியில் மறைந்திருந்து அம்பு விடுகிறவர்கள். செத்தவர்கள் மேல் குவித்த கல்லும் தழையும் பாதையோரத்தில் பதுக்கையாகக் கிடக்கும், வீரனாக விழுந்தவனுக்கு நடுகல். சாமான் வண்டிக்குப் பதில் உமணர்களின் உப்பு வண்டிகள் வரிசையாகப் போகட்டும். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்ற, வண்டிக்கு அடியில் சேம அச்சு கட்டிவைத்திருப்பார்கள் என்று புறநானூற்றில் வருகிறதே, அதை அப்படியே வை. முதல் காட்சி இப்படி இருக்கட்டும்: நடுவழியில் ஒரு உப்பு வண்டி சாய்ந்து நிற்கிறது, மாடுகள் இல்லை, அச்சு முறிந்திருக்கிறது, அடியில் சேம அச்சும் இல்லை, அறுத்த கயிறு மட்டும் தொங்குகிறது. பக்கத்தில் புதுப் பதுக்கை ஒன்று, தழை இன்னும் வாடவில்லை. உப்பை விட்டுவிட்டு அச்சை எவன் திருடுவான்? இந்தக் கேள்விக்கு உன் ஐந்து பேரும் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். பதில் உன்னிடம் இருந்தால் போதும், இல்லாவிட்டால் அவர்கள் சொல்வதில் நல்லதை எடுத்துக்கொள்.

பேய் பிசாசிலும் இதே வசதி. புளியமரத்தில் முனி இருக்கிறது என்றால் உன் மச்சான் இரும்பைக் கையில் எடுப்பான், இல்லையென்றால் எலுமிச்சம்பழம் கேட்பான். ரூல் புத்தகத்தில் தேட வேண்டாம், அதையே ரூலாக்கிவிடு. விதிகளின் அடிப்படைப் பகுதியை 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸில், யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தில், விட்டுவிட்டார்கள். பின்னால் அந்த விதிகளை வைத்து உன் சொந்த உலகத்தைத் தமிழில் எழுதி வெளியிட நினைத்தாலும் விதிகளால் தடையில்லை.

பதினோரு ராஜ்ஜியங்களில் பத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே. உப்பு எந்தக் கடற்கரையிலிருந்து வருகிறது என்று யாராவது கேட்கும்போது நெய்தல் பக்கம் ஓர் ஊர்ப் பெயரைச் சொல். கேட்காவிட்டால் அதுவும் வேண்டாம். ஊரில் நாலு பேரை மட்டும் சரியாக யோசித்து வை. தண்ணீர் விற்கிற கிழவி, கள்வர்களுக்குப் பங்கு கொடுக்கிற ஊர்ப் பெரியவர், அண்ணன் காணாமல் போன ஒரு பெண், நடுகல்லுக்கு எழுத்து வெட்டுகிறவன். எழுத்து வெட்டுகிறவனுக்கு யார் எங்கே செத்தார்கள் என்று எல்லாம் தெரியும், கேட்டால் காசு கேட்பான்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் எல்லோரையும் வைத்து, எது மேசைக்கு வரக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். உன் டீமில் ஒருத்தர் சமீபத்தில் அப்பாவை இழந்ததாக எழுதியிருந்தாய். பதுக்கை, நடுகல் எல்லாம் அவருக்குச் சரியா என்று தனியாகக் கேட்டுவிடு. சங்கடம் என்றால் பதுக்கையை எடுத்துவிட்டு வண்டியை மட்டும் வை. அப்போதும் காட்சி நிற்கும்.

என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மகள் பிளஸ் டூ. எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் அவள் பரீட்சை முடியும் வரை மாடிக்குப் போய்விட்டது. சத்தம் போடாமல் சண்டை போடப் பழகியிருக்கிறோம். நம் செல்வம் துபாய்க்கு மாற்றலாகிப் போய்விட்டான், அவனுடைய கதாபாத்திரமான குள்ளப் பூசாரியை நான்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பூசாரியைக் கொல்ல மனசு வரவில்லை.

ஃபாண்டெல்வர் புத்தகம் என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றை அடுத்த வாரம் கூரியரில் போடுகிறேன். பென்சிலில் குறித்து வைத்திருப்பதைப் படிக்காதே, அது எங்கள் கூட்டத்தின் கூத்து. உன் ஊரின் பெயரையும் அந்தச் சேம அச்சை யார் அறுத்தார்கள் என்பதையும் முடிவு செய்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
சங்கர்